கிணற்றின் மூச்சு

பாழுங் கிணற்றில் தூர் எடுக்க வந்த அனுபவசாலி முதலில் தான் இறங்குவதில்லை. ஒரு விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்குகிறான். விளக்கு நின்று எரிந்தால் அவன் இறங்குவான். மங்கி அணைந்தால் கரையிலேயே நின்றுவிடுவான். எழுத்து வாசனை இல்லாத அந்த மனிதனிடம் உள்ள விவேகம் ஒன்று உண்டு. கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பிறகு காரியத்தில் இறங்கவேண்டும் என்பதே அது. அந்த விவேகம் நமது சர்க்காருக்கும், தொழில் முதலாளிகளுக்கும், தேச பக்தர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நமக்கும் இருக்கிறதா என்பதுதான் இன்று நாம் எழுப்பும் கேள்வி. சிவகாசிச் சுற்று வட்டாரத்துக் கிணறுகளைப் பார்க்கும்போது, இல்லை என்றே வருத்தத்துடன் பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

மண்ணுக்கடியில் சேரும் விஷங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஆவியாகக்கூடியது; கிணற்றின் மூச்சோடு வெளியே வரும். மற்றொன்று உப்பைப்போல் தண்ணீரில் கரைந்து கிடப்பது. எவ்வளவு காலமானாலும் மூச்சில் வராது. முதலாவதை அளக்கவும் அகற்றவும் இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. இரண்டாவதற்கு மனிதன்தான் வழி செய்யவேண்டும். எது எங்கே இருக்கிறது என்று அளந்து பார்க்காதவனுக்கோ இரண்டு வழியும் இல்லை.

கிணறு மூச்சு விடுகிறது என்றால் சிலர் நகைக்கக் கூடும். ஆனால் இது கற்பனை அல்ல. நம் தலைக்கு மேலுள்ள காற்றுக்குப் பாரம் உண்டு. அந்தப் பாரம் எப்போதும் ஒரே அளவாக இருப்பதில்லை; ஏறும், இறங்கும். மண் துகள்களின் இடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும் அடைபட்டிருக்கும் காற்று இந்த மாற்றத்தை உடனே அறிவதில்லை. மேலே பாரம் குறையும்போது கீழே பழைய பாரமே சிறிது நேரம் நிற்கிறது. அப்பொழுது அடியிலுள்ள காற்று ஆழ்துளைக் கிணற்றின் குழாய் வழியாக மேலே தள்ளப்படுகிறது. பாரம் கூடும்போது வெளிக் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. இதுவே கிணற்றின் சுவாசம். விளக்கு அணைவதற்குக் காரணமும் சில சமயம் இதுவே. பிராணவாயு குறைந்து கரியமில வாயு மிகுந்த மண்ணின் காற்று அந்த நேரத்தில் கிணற்றுக்குள் இறங்கித் தங்கியிருக்கும்.

இந்தச் சுவாசத்தை வேலைக்காரனாக்கிக் கொண்டவர்கள் அமெரிக்க விஞ்ஞானிகள். தென் கரோலினா மாகாணத்தில் ஸவானா நதி அணு உலைக் கூடம் என்று ஒன்று 1950-களில் கட்டப்பட்டது. அணுகுண்டுகளுக்கு வேண்டிய பொருள்களை அங்கே செய்தார்கள். உலோகப் பகுதிகளில் ஒட்டிய எண்ணெய்ப் பசையைக் கழுவ டிரைகுளோரோஎதிலீன் முதலிய கரைப்பான்களை ஏராளமாக உபயோகித்து, கழிவைக் குட்டைகளில் விட்டார்கள். அது மண்ணில் இறங்கியது. 1981-இல் நிலத்தடி நீரில் அது கண்டுபிடிக்கப்பட்டது. முதலில் பெரிய இயந்திரங்களை வைத்து மண்ணிலிருந்து ஆவியை உறிஞ்சினார்கள். செறிவாயிருந்த விஷம் போயிற்று. எஞ்சியதோ சிறிது சிறிதாக ஊறிக்கொண்டிருந்தது. அதற்காக ஆண்டுக் கணக்கில் மின்சாரம் செலவழித்து இயந்திரங்களை ஓட்டுவது அரிசி மூட்டையைத் தூக்க யானை கட்டிய கதையாயிற்று.

அப்போது அவர்கள் 1990-களில் கண்ட உபாயம் மிகவும் எளியது. கிணற்றுக் குழாயின் தலையில் ஒரு சிறு மூடி. அதனுள்ளே புனல் வடிவமான இருக்கை. அதன்மேல் மேஜைப் பந்தைப் போன்ற லேசான ஒரு பிளாஸ்டிக் பந்து. உள்ளிருந்து காற்று தள்ளும்போது பந்து எழும்பி வழி விடுகிறது. வெளிக் காற்று உள்ளே புக முயலும்போது பந்து இருக்கையில் அமர்ந்து வாயை அடைத்துக்கொள்கிறது. கிணறு மூச்சை விடலாம், இழுக்கக்கூடாது, அவ்வளவுதான். பந்து எழும்புவதற்கு ஒரு மில்லிபார் அளவு பார வித்தியாசமே போதும். மின்சாரம் இல்லை, எண்ணெய் இல்லை, காவல்காரனும் இல்லை. இரவும் பகலும் அந்தப் பந்து வேலை செய்கிறது.

இந்த உபாயத்தில் மற்றொரு நன்மையும் உண்டு. நமக்கு அதுவே முக்கியம். வெளிவரும் காற்று நிமிஷத்திற்கு எவ்வளவு, அதில் விஷம் எவ்வளவு என்று இரண்டையும் அளந்து பெருக்கினால், மண்ணிலிருந்து எத்தனை கிராம் விஷம் வெளியேறியது என்ற கணக்கு கைக்கு வந்துவிடும். உதாரணமாக, ஒரு கிணறு நிமிஷத்திற்கு 10 லிட்டர் காற்றை விடுகிறது என்றும், ஒரு கன மீட்டர் காற்றில் 100 மில்லிகிராம் கரைப்பான் ஆவி இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 60 மில்லிகிராம் வெளியேறும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் மூச்சு விட்டால் வருஷத்தில் சுமார் 130 கிராம். அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அந்த 130 கிராம் ஒரு கிணற்றுக்குரியது, செலவில்லாமல் வந்தது, கணக்கோடு வந்தது. அடுத்த வருஷம் அது 80 ஆனால் மண் சுத்தமாகி வருகிறது என்று அர்த்தம். 200 ஆனால் எங்கோ புதிதாக யாரோ கொட்டுகிறார்கள் என்று அர்த்தம். கிணறே சாட்சி சொல்கிறது. பொய் சொல்லாத சாட்சி.

வெளியேறும் ஆவி காற்றில்தானே கலக்கிறது, விஷத்தை இடம் மாற்றுவது பரிகாரமாகுமா என்று கேட்பது நியாயமே. சிறு அளவானால் காற்றில் பரவி நாளடைவில் சிதைந்துபோகும். பெரு அளவானால் கரித் தூளின் வழியே செலுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். எது சிறிது, எது பெரிது என்று தீர்மானிப்பதற்கும் அளவையே வேண்டும்.

இந்த விஷயத்தில் இயற்கை நமது நாட்டிற்கு ஒரு தனிச் சலுகை செய்திருக்கிறது. குளிர் நாடுகளில் காற்றின் பாரம் புயல் வந்தால் வெகுவாக மாறும். மற்ற நாட்களில் சோம்பிக் கிடக்கும். பூமத்திய ரேகையை அடுத்த நம்மைப் போன்ற நாடுகளிலோ கடலின் ஏற்ற வற்றம்போல் காற்றின் பாரமும் தினந்தோறும் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது. காலை பத்து மணியளவில் உச்சம். மாலை நான்கு மணியளவில் தாழ்வு. மறுபடி இரவு பத்துக்கு உச்சம். விடியற்காலம் நான்குக்குத் தாழ்வு. ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் வித்தியாசம் மூன்று மில்லிபார் வரை இருக்கும். தென்னமெரிக்காவில் பிரயாணம் செய்த ஹம்போல்ட் என்ற ஜெர்மன் அறிஞர், பாரமானியைப் பார்த்தே மணி சொல்லிவிடலாம் போலிருக்கிறதே என்று வியந்தார். பந்து எழும்ப ஒரு மில்லிபார் போதும் என்று சொன்னோம். நமது தேசத்திலோ வருஷம் முழுவதும், மழையானாலும் வெயிலானாலும், காலைக்கும் மாலைக்கும் நடுவே அதற்கு மேற்பட்ட விசை இலவசமாகக் கிடைக்கிறது.

விருதுநகர் ஜில்லாவின் கரிசல் மண்ணுக்கு வேறொரு குணமும் உண்டு. கோடையில் அது வாய் பிளந்து வெடிக்கும். அப்போது மண்ணின் மேற்பரப்பே மூச்சு விடும். மழை பெய்தவுடன் உப்பி, களிமண் பூசியதுபோல் இறுகிவிடும். அந்த மாதங்களில் நிலத்தடிக் காற்றுக்கு ஆழ்துளைக் கிணறுதான் மூக்கு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பிற்பகல் வேளையில் கிணற்று வாயில் அளவைக் கருவியை வைப்பவன் மண்ணின் இரகசியத்தைக் கேட்டுவிடலாம்.

இவையெல்லாம் அமெரிக்கக் கவலை, நமக்கென்ன என்று சொல்லிவிட முடியாது. 2013-இல் சென்னைத் தண்டையார்பேட்டையில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மண்ணுக்கடியில் சென்ற எண்ணெய்க் குழாயில் கசிவு ஏற்பட்டு, வீட்டுக் கிணறுகளிலும் கைப் பம்புகளிலும் தண்ணீரோடு பெட்ரோலியம் வந்தது. விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. அதைக் கண்டுபிடித்த கருவி எது? குடியிருந்த ஜனங்களின் மூக்கு. வாளியில் வந்த தண்ணீரை முகர்ந்து பார்த்துத்தான் மண்ணில் நடந்த அக்கிரமத்தை அறிந்தார்கள். அங்கே பழைய வழக்கப்படி விளக்கை இறக்கியிருந்தால் பேரபாயம் நேர்ந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு விஷத்திற்கும் ஒவ்வொரு விளக்கு வேண்டும். ஒரே விளக்கை எல்லாக் கிணற்றிலும் இறக்க முடியாது.

இப்போது சிவகாசிக்கு வருவோம். வானம் பார்த்த பூமியில், வைப்பாறு வறண்டு கிடக்கும் மாதங்களே அதிகமான சீமையில், கைத்தொழில் ஒன்றையே நம்பி எழுந்த ஊர் அது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இரு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அந்நிய நாட்டுத் தீக்குச்சிக்குக் காத்திருந்த தேசம் சொந்தக் கையால் நெருப்புப் பற்றவைக்க அவர்கள் வழி காட்டினார்கள். தீப்பெட்டிக்குப் பின் பட்டாசு. பட்டாசின் பொட்டலத்துக்கு வண்ணச் சீட்டு வேண்டியிருந்ததால் அச்சுத் தொழில். இன்று இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் மிகப் பெரும் பகுதி அந்தச் சீமையில்தான் பிறக்கிறது. சுதேசித் தொழிலின் ஜயஸ்தம்பம் என்று சிவகாசியைச் சொன்னால் அது மிகையல்ல. 'குட்டி ஜப்பான்' என்ற பட்டமும் அதற்கு உண்டு.

அந்தக் குட்டி ஜப்பானின் கிணறுகளை அளந்து உலகத்திற்குச் சொன்னது உண்மையான ஜப்பான் என்பது விதியின் வேடிக்கை. எஹிமே சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்களும் நமது விஞ்ஞானிகளும் கூடிச் செய்த ஆராய்ச்சி 2013-இல் வெளியாயிற்று. அவர்கள் தேடிய பொருள் பெர்குளோரேட். பட்டாசுக்கு வேகமும் நிறமும் தர உபயோகிக்கும் பொட்டாசியம் பெர்குளோரேட் முதலிய உப்புகளின் வீரியப் பகுதி அதுவே. சிவகாசிப் பகுதியில் 57 நிலத்தடி நீர் மாதிரிகளை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றுள் 17-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஸ்தாபனம் அப்போது யோசனை கூறியிருந்த லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்ற எல்லையை விஷம் தாண்டியிருந்தது. மிக அதிகமாகக் கண்ட அளவு லிட்டருக்கு 7,690 மைக்ரோகிராம். அதாவது அந்த எல்லையைப்போல் ஐந்நூறு மடங்குக்கும் மேல். மதுரையில் எடுத்த மாதிரிகளில் ஒன்றுகூட எல்லையைத் தாண்டவில்லை. பட்டாசு ஆலைகள் உள்ள இடத்தில் அளவு மிகுதி என்பதால் மூலகாரணம் இன்னதென்றும் அவர்கள் தெளிவாகவே சொன்னார்கள்.

இன்னொரு கணக்கையும் கவனிக்கவேண்டும். அதே ஆராய்ச்சியில் சோதித்த மூன்று குழாய்த் தண்ணீர் மாதிரிகளில் பெர்குளோரேட் அரை மைக்ரோகிராமைக்கூட எட்டவில்லை. இதன் பொருள் என்ன? தூரத்து நீரைக் குழாயில் பெறுகிறவன் தப்புகிறான். காலடியிலுள்ள நீரை இறைத்துக் குடிக்கிறவன் அகப்படுகிறான். வசதியுள்ளவன் தண்ணீரை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். ஆலைக்குப் போய் மருந்துக் குழாய்க்குத் திரி சொருகிவிட்டு, பொழுது சாய்ந்து வீடு திரும்பிக் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போகும் பெண்ணுக்கு அந்தச் சௌகரியம் இல்லை.

பெர்குளோரேட் செய்யும் கெடுதி வெடிபோல் சத்தமிடுவதன்று. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி இரத்தத்திலிருந்து அயோடினைப் பிடித்துக்கொள்கிறது. அதைக்கொண்டே உடல் வளர்ச்சிக்கும் மூளை வளர்ச்சிக்கும் வேண்டிய சுரப்பு நீரைச் செய்கிறது. பெர்குளோரேட் அயோடினின் வாசலில் போய் முந்தி நின்றுகொள்கிறது. அயோடின் போதாத கர்ப்பிணிக்கும், அவள் வயிற்றிலுள்ள சிசுவுக்கும், பால் குடிக்கும் குழந்தைக்கும் அதனால் அபாயம் அதிகம். நிறமில்லை, மணமில்லை, கிணறுகளில் காணும் அளவில் நாக்குக்கும் தெரியாது. காய்ச்சினால் போய்விடும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பு கெட்டியாகுமே தவிரக் குறையாது.

2012 செப்டம்பர் 5-ஆந் தேதி முதலிப்பட்டியில் ஆலை வெடித்து முப்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் மாண்டபோது தேசமே திடுக்கிட்டது. மந்திரிகள் வந்தார்கள், நஷ்ட ஈடு அறிவித்தார்கள். சத்தமிட்டுக் கொல்வதற்கு விசாரணை உண்டு. சத்தமின்றிக் கெடுப்பதற்கு விசாரணை எங்கே?

பந்து வைத்த கிணற்றைப் பற்றி இவ்வளவு சொன்ன நாம் ஓர் உண்மையை மறைக்கக்கூடாது. பெர்குளோரேட் விஷயத்தில் அந்த உபாயம் பயன்படாது. அது ஆவியாகாது, கிணறு எவ்வளவு மூச்சு விட்டாலும் அடியிலேயே கிடக்கும். மண்ணில் ஒட்டிக்கொள்ளவும் செய்யாது. தண்ணீர் போகுமிடமெல்லாம் கூடவே போகும். இயற்கை தானே சுத்தம் செய்துகொள்ளும் என்று சும்மா இருப்பவர்களுக்கு இது தெரியவேண்டும்.

ஆனால் பரிகாரமே இல்லை என்பதும் தவறு. அயனிகளைப் பிடிக்கும் பிசின் மணிகளின் வழியே தண்ணீரைச் செலுத்தினால் பெர்குளோரேட் அதில் ஒட்டிக்கொள்ளும். பிராணவாயு இல்லாத இடத்தில் பெர்குளோரேட்டையே சுவாசித்து வாழும் நுண்ணுயிர்களும் உண்டு. அவை அந்த விஷத்தைச் சாதாரண உப்பிலுள்ள குளோரைடாக மாற்றிவிடும். ஆவி விஷத்திற்குக் கிணற்றின் மூச்சு பரிகாரமானதுபோல் இந்த உப்பு விஷத்திற்குக் கிருமியின் மூச்சு பரிகாரமாகிறது. இதற்கு அமெரிக்காவுக்குப் போகவேண்டியதில்லை. கேரளத்தில் ஆலுவாவை அடுத்த கீழ்மாட்டில், விண்வெளி ராக்கெட்டுக்கு வேண்டிய அம்மோனியம் பெர்குளோரேட் செய்யும் ஆலையின் அருகிலுள்ள கிணறுகளில் இதே விஷம் கண்டது. திருவனந்தபுரத்திலுள்ள தேசிய விஞ்ஞான ஆராய்ச்சிக் கூடத்தார் அதை அளந்தார்கள். நுண்ணுயிர்களைக் கொண்டு அதை நீக்கும் முறையையும் ஆராய்ந்தார்கள். செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால் நடந்த காரியம் கணவாய்க்கு இப்பால் நடக்கக்கூடாதா?

நடக்காததற்கு ஒரு காரணம் சட்டத்தின் மௌனம். உலக சுகாதார ஸ்தாபனம் குடிநீரில் பெர்குளோரேட் லிட்டருக்கு 70 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்று 2017-இல் வழிகாட்டியது. அந்தத் தாராளமான எல்லையை வைத்துப் பார்த்தாலும் சிவகாசிப் பகுதியில் கண்ட உச்ச அளவு நூறு மடங்குக்கு மேல். கலிபோர்னியா மாகாணம் 6 மைக்ரோகிராம் என்றும், மாஸச்சூஸெட்ஸ் 2 மைக்ரோகிராம் என்றும் சட்டமே செய்திருக்கின்றன. அமெரிக்க மத்திய ஸ்தாபனம் நாடு முழுவதற்கும் சட்டம் செய்வதாகச் சொல்லி, 2020-இல் பின்வாங்கியது. அது செல்லாது என்று 2023-இல் அந்நாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே சண்டையாவது நடக்கிறது. 2012-இல் திருத்தி வெளியிட்ட நமது இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயத்தில் பெர்குளோரேட் என்ற பெயரே இல்லை. பெயர் இல்லாததை எந்த உத்தியோகஸ்தர் தேடுவார்? தேடாததை எந்த ரிப்போர்ட்டில் எழுதுவார்? தேசத்தின் பட்டாசையெல்லாம் ஒரு சீமையின் தலையில் சுமத்திவிட்டு, அந்தச் சீமையின் தண்ணீருக்கு ஒரு வரி சட்டம் எழுத மறந்துவிட்டோம்.

பட்டாசைப் பற்றித் தேசத்தில் பேச்சே இல்லை என்று சொல்லவில்லை. பேச்சு ஏராளம். 2018 அக்டோபர் 23-இல் சுப்ரீம் கோர்ட் பசுமைப் பட்டாசையே வெடிக்கவேண்டும் என்றும், பேரியம் உப்புகள் கூடாது என்றும் உத்தரவிட்டது. டில்லியின் புகையைப் பற்றி ஒவ்வொரு தீபாவளிக்கும் விவாதம் நடக்கிறது. டில்லிவாசிகள் நல்ல காற்றைக் கேட்பது தவறல்ல. ஆனால் வெடிக்கும் ஊரின் காற்றைப் பற்றி இவ்வளவு வாதம் செய்கிற தேசம், செய்யும் ஊரின் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதது என்ன நியாயம்? புகை ஓர் இரவில் எழுந்து சில நாளில் கலையும். மண்ணில் இறங்கியது தலைமுறைக் கணக்கில் நிற்கும்.

தொழில் முதலாளிகள் இதைப் படித்து முகம் சுளிக்கலாம். 'கோர்ட் உத்தரவுகளால் ஏற்கனவே நொந்திருக்கிறோம். நீங்களும் ஒரு கல்லை எறிகிறீர்களே' என்று கேட்கலாம். நாம் எறிவது கல்லல்ல. சிவகாசித் தொழில் அழியவேண்டும் என்று விரும்புகிறவன் தமிழனாகவோ தேசாபிமானியாகவோ இருக்க முடியாது. அந்தத் தொழில் நிற்கவேண்டும் என்பதாலேயே இதை எழுதுகிறோம். பேரியத்தைப் பற்றி முன்கூட்டியே தாங்களாக விழித்துக்கொண்டிருந்தால் கோர்ட் தடியெடுத்து எழுப்பவேண்டியிருந்திருக்காது. பெர்குளோரேட் விஷயத்தில் இன்னும் கோர்ட் எழுப்பவில்லை. தாமாக எழுவதற்கு இது தருணம். வெளியார் அளந்து குற்றம் சாட்டுவதைவிட நாமே அளந்து திருத்திக்கொள்வது கௌரவமல்லவா? அந்நியத் தீக்குச்சி வேண்டாம் என்று கல்கத்தாவுக்கு நடந்தவர்களின் வாரிசுகள், தங்கள் கிணற்றின் கணக்கை ஜப்பானியரின் ஆராய்ச்சியிலிருந்து தெரிந்துகொள்ளலாமா?

சர்க்கார் செலவைக் காட்டித் தப்பித்துக்கொள்ள முயலலாம். எவ்வளவு செலவு? நாம் ஆயிரம் கோடி கேட்கவில்லை. செய்யவேண்டியவை நான்கே காரியங்கள்.

முதலாவது, சிவகாசி, வெம்பக்கோட்டை, சாத்தூர், விருதுநகர் தாலுகாக்களில் ஜனங்கள் குடிக்கும் ஒவ்வொரு பொதுக் கிணற்றிலும் ஆழ்துளைக் குழாயிலும் மழைக்கு முன் ஒரு முறையும், மழைக்குப் பின் ஒரு முறையும் பெர்குளோரேட்டை அளக்கவேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இதைச் சேர்ந்து செய்யலாம். முடிவைக் காகிதக் கட்டில் புதைக்காமல் கிணற்றுச் சுவரிலேயே பெயிண்டால் எழுதவேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை வாசித்துத் தாய்க்குச் சொல்லட்டும். எல்லையைத் தாண்டிய கிணற்றிலிருந்து குடிநீர் எடுப்பதை நிறுத்தி, அந்த ஊருக்குக் குழாய் நீரை முதலில் கொடுக்கவேண்டும்.

இரண்டாவது, குடிநீர்த் தர நிர்ணயத்தில் பெர்குளோரேட்டுக்கு எல்லை வகுக்கவேண்டும். இது டில்லியின் கடமை. ஜில்லாவின் சட்டசபை, பார்லிமெண்ட் அங்கத்தினர்கள் எந்தக் கட்சியாயினும் ஒரே குரலில் இதைக் கேட்கவேண்டும்.

மூன்றாவது, ஆலைகள் செய்யவேண்டியது. இரசாயனம் கலக்கும் அறைகளையும் பாத்திரங்களையும் கழுவிய தண்ணீரை வெறும் மண்ணில் விடக்கூடாது. அடியில் கசியாத தொட்டியில் சேர்க்கவேண்டும். மருந்துத் தூளின் கழிவைப் பள்ளத்தில் கொட்டி மண் தள்ளும் வழக்கம் எங்கிருந்தாலும் ஒழியவேண்டும். சிறு ஆலைகளால் தனியே செய்ய முடியாவிட்டால் பலர் கூடிப் பொதுவான சுத்திகரிப்பு நிலையம் வைக்கலாம். பட்டாசு விற்கச் சங்கம் கூடுகிறது. பாவத்தைக் கழுவவும் சங்கம் கூடட்டும்.

நான்காவது, மூச்சு விடும் விஷத்திற்கு மூச்சு விடும் கிணறு. அச்சுக்கூடங்களில் உருளைகளைக் கழுவ எண்ணெய்களும் கரைப்பான்களும் உபயோகமாகின்றன. மோட்டார்ப் பட்டறைகளும், பெட்ரோலைப் பூமிக்கடியில் தொட்டிகளில் வைக்கும் பங்குகளும் ஊர்தோறும் இருக்கின்றன. இவற்றிலிருந்து மண்ணில் இறங்குவதில் ஒரு பகுதி ஆவியாகக்கூடியது. பிற்பகல் மூச்சில் அகப்படக்கூடியது. இத்தகைய இடங்களின் அருகே சில ஆழங் குறைந்த சோதனைத் துளைகள் போட்டு, பந்து மூடி வைத்து, காற்றின் அளவையும் ஆவியின் அளவையும் எழுதி வரலாம். ஒரு புனலும், ஒரு பந்தும், ஒரு பாரமானியும், ஓர் ஆவிமானியும் இதற்குப் போதும். ஜில்லாவில் என்ஜினீயரிங் கல்லூரிகள் இருக்கின்றன. பரீட்சைக்காக அந்நிய நாட்டுக் கணக்குகளைப் போடும் மாணவர்கள் சொந்த ஊர் மண்ணின் கணக்கை ஒரு வருஷம் போட்டுப் பார்க்கட்டும். எங்கும் ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் அதுவும் நல்ல செய்திதான். அளந்த பின் 'இல்லை' என்பது அறிவு. அளக்காமல் 'இல்லை' என்பது மூடத்தனம்.

பொது வேலையில் ஈடுபட்ட நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. கூலி உயர்வுக்கும் விபத்து நஷ்ட ஈட்டுக்கும் கிளர்ச்சி செய்திருக்கிறீர்கள், அவசியமே. ஆனால் உயர்ந்த கூலியை வாங்கி வருபவள் அதே கையால் விஷ நீரை மொண்டு குழந்தைக்குக் கொடுத்தால் அந்த உயர்வால் என்ன பயன்? கிராமக் கூட்டங்களில் பேசும்போது 'எங்கள் கிணற்றின் கணக்கு எங்கே?' என்ற கேள்வியை எழுப்புங்கள். பஞ்சாயத்தில் தீர்மானம் செய்யுங்கள். கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுங்கள். பதில் வரும்வரை மறுபடியும் கொடுங்கள். தகவல் கேட்கும் சட்டம் 2005-லிருந்தே நம் கையில் இருக்கிறது. அதைத் துருப்பிடிக்க விடாதீர்கள்.

விருதுநகர் காமராஜர் பிறந்த ஊர். ஏழைக் குழந்தை பசியோடு பள்ளிக்கூடத்தில் உட்காரக்கூடாது என்று கருதிச் சோறு போட்டவர் அவர். அவருடைய ஜில்லாவில் அந்தக் குழந்தை சோற்றுக்குப் பின் குடிக்கும் தண்ணீர் எப்படிப்பட்டது என்று கேட்க ஆளில்லை என்றால், அவருக்கு வைக்கும் சிலைகளும் மாலைகளும் எதற்கு?

தூர் எடுப்பவன் விளக்கை இறக்காமல் கிணற்றில் இறங்கினால் அவன் ஒருவன் உயிருக்குத்தான் ஆபத்து. சர்க்கார் விளக்கை இறக்காமல் இருந்தால் ஒரு சீமையின் சந்ததிக்கே ஆபத்து. கிணறு தினமும் இரண்டு தடவை மூச்சு விட்டுத் தன்னிடமுள்ள ஒரு வகை விஷத்தைத் தானே சொல்லிக்கொண்டிருக்கிறது. மற்றொரு வகையை அதனால் சொல்ல முடியவில்லை. மனிதன்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 2013-இல் பிறர் ஒரு முறை கேட்டார்கள், பதிலும் வந்தது. இனி நாம் கேட்கவேண்டிய முறை. அடுத்த ஐப்பசி மழைக்கு முன்னதாகவாவது முதல் விளக்கு இறங்குமா?